கோட்டா: பிளஸ் டூ மார்க்கை யாரும் கேட்காத ஊர்!

தமிழ்நாட்டில் பல பள்ளி வராந்தாக்களிலும் அரசு அலுவலகங்களிலும் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு தரைக்கல் பதித்திருப்பார்கள். அதன் பெயர் 'கோட்டா கல்'. அந்தக் கல் வருகிற ஊர், ராஜஸ்தானில் சம்பல் ஆற்றங்கரையில் இருக்கிறது. கல்லுக்கும் 'கோட்டா டோரியா' சேலைக்கும் பெயர்பெற்ற அந்த ஊரை இன்று நாடு முழுக்க வேறொரு காரணத்துக்காகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். டாக்டர், இன்ஜினீயர் கனவோடு வரும் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார்செய்வதுதான் கோட்டாவின் இன்றைய தொழில்.

அங்கே வருகிறவர்கள் எல்லோரும் பள்ளியில் முதல் மார்க் வாங்கியவர்கள் இல்லை. பிளஸ் டூவில் மார்க் குறைந்தவர்கள், 'இன்னொரு வருஷம் படிச்சா சீட் கிடைச்சிடும்' என்ற நம்பிக்கையில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை இந்த ஊரின் தெருக்களே சொல்லிவிடும்.

ரேங்க் பேசும் தெருக்கள்

டெல்லி - மும்பை ரயில் பாதையில் இருக்கிறது கோட்டா ஜங்ஷன். ஊருக்குள் நுழைந்தால் திரும்பிய பக்கமெல்லாம் பிரமாண்ட விளம்பரப் பலகைகள். சினிமா நட்சத்திரங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பக்கத்தில் பெயர், அகில இந்திய ரேங்க், 720-க்கு எத்தனை மதிப்பெண் என்ற விவரம். அந்தப் பிள்ளை பிளஸ் டூவில் எவ்வளவு வாங்கியது என்று எந்தப் பலகையிலும் தேடினாலும் கிடைக்காது.

தல்வண்டி, ஜவஹர் நகர், குன்ஹாடியில் இருக்கும் லேண்ட்மார்க் சிட்டி என மாணவர்களுக்காகவே வளர்ந்த பகுதிகள் நிறைய. அடுக்கடுக்காக ஹாஸ்டல்கள். கீழே மெஸ், ஜெராக்ஸ் கடை, பழச்சாறுக் கடை, சலவைக் கடை. காலை ஷிஃப்ட் முடிந்து ஒரு கூட்டம் வெளியே வரும்போது, அடுத்த ஷிஃப்ட் உள்ளே போகும். ஒரே சீருடை, தோளில் ஒரே மாதிரிப் பை, கழுத்தில் அடையாள அட்டை. மாலையில் சூடான கச்சோரிக் கடை முன்னால் நிற்கும்போதுகூட, போன டெஸ்ட்டில் எத்தனை நெகட்டிவ் மார்க் என்பதுதான் பேச்சு.

பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி தயாராகிறவர்களை 'டிராப்பர்' என்று அழைக்கிறார்கள். இங்குள்ள பெரிய நிறுவனமான ஆலன், அவர்களுக்கான வகுப்புக்கு வைத்திருக்கும் பெயர் 'லீடர்'. ஒரு வருடத்தை இழந்துவிட்டோமே என்று தலை குனிந்து வரும் பிள்ளைக்கு அந்தப் பெயரே கொஞ்சம் தெம்பு தரும்.

சாப்பாட்டு மேசையில் தொடங்கிய கதை

கோட்டா ஒரு காலத்தில் தொழிற்சாலை நகரம். அங்கே ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் பொறியாளராக இருந்தவர் வினோத் குமார் பன்சல். தசைச் சிதைவு நோயால் அவருடைய உடல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவரிடம் படித்தவர்கள் ஐ.ஐ.டி-க்குப் போகத் தொடங்கியதும் கூட்டம் பெருகியது. 1991-ல் 'பன்சல் கிளாஸஸ்' பிறந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பாடம் நடத்திய அவர், 2021 மே மாதம் காலமானார்.

1988-ல் தொடங்கப்பட்ட ஆலன் நிறுவனம், பின்னாளில் மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் பெரிய பெயர் எடுத்தது. 1997-ல் ஜே.கே. ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தபோது, ஊரைத் தாங்கிப்பிடித்தது இந்தப் பயிற்சித் தொழில்தான். வீடுகள் விடுதிகளாயின. சமையல் தெரிந்தவர்கள் மெஸ் தொடங்கினார்கள்.

ஒரே நாள், ஒரே எண்

எம்.பி.பி.எஸ் சேர்க்கைக்கான தரவரிசையில் இன்று கணக்கில் வருவது நீட் மதிப்பெண் மட்டுமே. 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு மைனஸ் 1. பாதிக் கேள்விகள் உயிரியலில் இருந்து வரும். மீதி இயற்பியலும் வேதியியலும்.

பிளஸ் டூ மதிப்பெண் அந்தத் தரவரிசையில் ஏறுவதே இல்லை. விண்ணப்பிக்கத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் அது. 1997-ல் வகுக்கப்பட்ட விதிகளில் பொதுப் பிரிவினருக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்து 50 சதவிகிதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவிகிதம் என்று இருந்தது. இந்த விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும். தகுதி வரம்பைத் தாண்டிவிட்டால், 60 சதவிகிதம் வாங்கியவரும் 98 சதவிகிதம் வாங்கியவரும் ஒரே வரிசையில் நின்றுதான் தொடங்க வேண்டும்.

மார்க் குறைந்த பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. வீட்டில் ஒரு துயரம், உடல்நலக் குறைவு, பள்ளியில் சரியான ஆசிரியர் இல்லாமை என்று எதனால் மார்க் குறைந்திருந்தாலும் இரண்டாவது முறை முயல வழி இருக்கிறது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு கிடையாது.

ஆனால், வரிசை நீளமானது. 2025-ல் 22 லட்சம் பேர் நீட் எழுதினார்கள். அவர்களில் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் 'தகுதி' பெற்றார்கள். நாட்டில் இருக்கும் எம்.பி.பி.எஸ் இடங்களோ ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றிலும் ஏறக்குறைய பாதிதான் குறைந்த கட்டணத்தில் படிக்கக்கூடிய அரசு இடங்கள். எனவே 'நீட் பாஸ்' வேறு, 'சீட்' வேறு.

டம்மி ஸ்கூல் ரகசியம்

பிளஸ் டூ மார்க்குக்கு மதிப்பில்லை என்றானதும் கோட்டா ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பெயரை மட்டும் ஒரு பள்ளியில் பதிந்துவிட்டு, நாள் முழுக்க கோச்சிங் சென்டரில் இருப்பது. இதற்குப் பெயர் 'டம்மி ஸ்கூல்'. லேப் கிடையாது, விளையாட்டு கிடையாது, கட்டுரை எழுதும் பழக்கமும் கிடையாது. நீட்டில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளை பொதுத் தேர்வில் சுமாராக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சி.பி.எஸ்.இ விதிப்படி 75 சதவிகித வருகைப் பதிவு கட்டாயம். 2024 செப்டம்பரில் ராஜஸ்தான், டெல்லி பள்ளிகளில் திடீர் ஆய்வு நடத்திய சி.பி.எஸ்.இ, அந்த ஆண்டு நவம்பரில் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. பள்ளியின் அங்கீகாரம் போனால் அலைய வேண்டியது பிள்ளைதான். 'ஸ்கூலை நாங்க பார்த்துக்கிறோம்' என்று யாராவது சொன்னால் பெற்றோர் உஷாராக வேண்டும்.

நாமக்கல் நினைவுக்கு வருகிறதா?

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. நீட் வருவதற்கு முன், நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டிருந்த பத்தாண்டுகளில், தமிழ்நாட்டில் மருத்துவ இடம் கிடைத்தது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200-க்கு எவ்வளவு என்பதுதான் கட்-ஆஃப். அந்த எண்ணுக்காக நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகளைத் தேடி மாநிலமே ஓடியது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துகிறார்கள் என்ற புகார் அப்போது பல பள்ளிகள் மீது இருந்தது. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டதன் பின்னணி அதுதான்.

அங்கே மார்க்குக்காகப் பதினொன்றாம் வகுப்பைத் தியாகம் செய்தார்கள். இங்கே ரேங்குக்காகப் பள்ளியையே தியாகம் செய்கிறார்கள். எந்த எண்ணைக் கேட்கிறார்களோ, அந்த எண்ணைத் தயாரித்துக் கொடுக்க ஓர் ஊர் உருவாகிவிடுகிறது.

யாருக்குக் கைகொடுக்கும்?

மார்க் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு வீட்டிலேயே நேர்மையாகப் பதில் தேடிவிட்டு ரயில் ஏறுவது நல்லது.

பாடம் புரிகிறது, ஆனால் பக்கம் பக்கமாக எழுத வரவில்லை, நேரம் போதவில்லை என்றால், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நீட் அந்தப் பிள்ளைக்குச் சாதகமாக இருக்கலாம். பாடமே புரியவில்லை என்றால் கோட்டாவின் வேகம் உதவாது. அடிக்கடி டெஸ்ட் வைத்து, ரேங்க் போட்டு, அதன்படி பேட்ச் பிரிக்கும் முறை அங்கே வழக்கம். பின்தங்கிய பிள்ளை இன்னும் பின்னுக்குப் போகும் அபாயம் உண்டு. நீட் உயிரியலின் அடிப்படை என்.சி.இ.ஆர்.டி புத்தகம்தான். அது எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

கோச்சிங் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு லட்சம் ரூபாயைத் தாண்டலாம். ஹாஸ்டல், மெஸ் செலவு தனி. மத்திய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கோச்சிங், ஹாஸ்டல் கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தர வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது. 'ரேங்க் நிச்சயம்' என்று வாக்குறுதியும் தரக் கூடாது. பணம் கட்டும் முன்பே திருப்பித் தரும் விதியை எழுத்தில் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

கோயில் சுவர் சொல்வது

தல்வண்டியில் ஒரு ராதா கிருஷ்ணர் கோயில். அதன் சுவர் முழுக்க மாணவர்களின் வேண்டுதல்கள். ரேங்க் வேண்டும், இன்ன கல்லூரி வேண்டும், அம்மா அப்பா சந்தோஷப்பட வேண்டும் என்று பேனாவால் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். சுவர் நிரம்பியதும் வெள்ளையடிப்பார்கள். மறுபடி நிரம்பும்.

2023-ல் மட்டும் கோட்டாவில் 20-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த ஆகஸ்டில், வழக்கமான டெஸ்ட்களை இரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைக்கும்படி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை அடுத்த ஆண்டு குறைந்தது. பல ஹாஸ்டல்களில் அறைகள் காலியாகி, வாடகையும் இறங்கியது.

ஏற்கெனவே மார்க் குறைந்ததால் 'நான் லாயக்கில்லை' என்ற எண்ணத்தோடு வரும் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் தேவை. போனில் 'டெஸ்ட்ல எவ்ளோ?' என்பதற்கு முன் 'சாப்பிட்டியா? தூங்கினியா?' என்று கேட்க வேண்டும். ஓராண்டில் சரிவராவிட்டால் அடுத்து என்ன படிக்கலாம் என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவைத்தால், பிள்ளைக்குத் திரும்பி வர ஒரு வழி இருப்பது தெரியும். மனம் சோர்ந்திருப்பவர்கள் 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

ரங்பாரி சாலையின் இன்னொரு வாசல்

சேர்ப்பதற்கு முன் பிள்ளையோடு இரண்டு மூன்று நாள் கோட்டாவில் தங்கிப் பார்ப்பது நல்லது. மெஸ்ஸில் சாப்பிட்டுப் பாருங்கள். கிஷோர் சாகர் ஏரிக்கரையில் ஏழு உலக அதிசயங்களின் மாதிரிகள் கொண்ட பூங்கா இருக்கிறது. ஊருக்கு அருகே கைதூனில் இன்றும் தறியில் கட்டம் கட்டமாக டோரியா சேலை நெய்கிறார்கள். நேரம் இருந்தால் பார்த்துவிட்டு வரலாம். கோடை வெயில் கடுமையாக இருக்கும், கவனம்.

அப்படியே ரங்பாரி சாலைக்கும் போய் வாருங்கள். அங்கே கோட்டாவின் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த வாசலைத் தாண்டிய பிறகு, நான்கில் ஒன்றை டிக் அடித்து மட்டும் தப்பிக்க முடியாது. எம்.பி.பி.எஸ் தேர்வுகளில் மறுபடி பக்கம் பக்கமாக எழுத வேண்டும். படம் வரைய வேண்டும். நோயாளி முன்னால் நின்று வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். நீட்டை எத்தனை முறையும் எழுதலாம். முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள்தான். அதனால் பிளஸ் டூவில் எழுத்து கைவராமல் மார்க் குறைந்த பிள்ளை, நீட்டுக்குத் தயாராகும் அந்த ஒரு வருடத்திலேயே தினமும் ஒரு விடையையாவது முழுதாக எழுதிப் பழகட்டும்.