மலையை நம்பிய ஊர்

திருவண்ணாமலை,
மாசி மாதம்

அன்புள்ள தோழி,

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையில் அறை எடுத்திருக்கிறேன். சன்னலைத் திறந்தால் மலைதான். இந்தப் பகுதியில் யாரோடு பேச்சுக் கொடுத்தாலும் பிழைப்புக் கணக்கு மலையில்தான் போய் முடிகிறது. ஆட்டோக்காரருக்குப் பௌர்ணமி, இளநீர் விற்பவருக்குக் கிரிவலம், வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு மார்கழி, தையில் வந்து தங்கும் வெளிநாட்டவர். 2024 மே மாதம் சென்னை கடற்கரை–வேலூர் ரயிலை இங்குவரை நீட்டித்த பிறகு வந்து போவது இன்னும் எளிதாகிவிட்டது. 1922இல் ஆசிரமம் உருவானபோது இது ஊருக்கு வெளியே கிடந்த இடம். இன்று இங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்க உள்ளூர்க்காரர்களால் முடியவில்லை.

பக்தருக்கு மலையே சிவன். வனத்துறைக்கு அது காப்புக்காடு. இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடும் அந்தக் காட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கந்தாசிரமத்துக்கு ஏறும் வழியில் இப்போது நல்ல நிழல். 1980களில் இந்த மலை மொட்டையாகக் கிடந்தது. விறகு வெட்டு, ஆட்டு மேய்ச்சல், ஆண்டுதோறும் தீ. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி மரம் நட ஆரம்பித்தது. பிறகு தி ஃபாரஸ்ட் வே அமைப்பினர் வந்தார்கள். மழைக்கு முன்னால் குழி வெட்டி, மண் ஈரம் பிடித்ததும் நாற்றுகளைச் சுமந்து ஏறி நடுகிறார்கள். நடுவதைவிடக் காப்பதுதான் பெரும்பாடு. வெயில் ஏறினால் மஞ்சம்புல் காய்ந்துவிடும். அணைக்காமல் போட்ட ஒரு பீடித் துண்டு போதும். அதனால் கோடைக்கு முன்பே புல்லை வெட்டி, தீ தாண்டாதபடி நீளமாகத் தடம் எடுத்துவிடுகிறார்கள். தீப்பிடித்தால் பச்சைக் கிளைகளால் அடித்து அணைக்க ஓடுகிறவர்களில் தன்னார்வலர்கள் நிறைய. அவர்கள் இல்லாவிட்டால் நான் நடந்து வந்த நிழல் இல்லை.

2024 டிசம்பர் 1ஆம் தேதி நடந்ததை நீயும் மறந்திருக்க மாட்டாய். ஃபெஞ்சல் புயல் மழையில் மண்ணும் பாறையும் சரிந்து மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பொதுமக்களை மலையேற விடவில்லை. கொப்பரையும் நெய்யும் மட்டும் மேலே போயின. அடிவாரத்தில் குடியிருப்பவர்களை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சமவெளியில் மனையும் வாடகையும் ஏற ஏற, ஏழைக்கு மிஞ்சுவது சரிவுதான். முதலில் அவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடு கொடுக்க வேண்டும். கிரிவலத்தால் ஊருக்கு வரும் வருமானத்தில் ஒரு பங்கு காட்டுக்கும் அடிவாரத்துக்கும் என்று எழுத்தில் ஒதுக்கப்பட வேண்டும். சில தன்னார்வலர்களின் முதுகில் ஒரு நகரத்தின் பிழைப்பை ஏற்றி வைப்பது தவறு.

நீ பௌர்ணமிக்கு வருவதாக எழுதியிருந்தாய். வா. கற்பூரத்தை அஷ்டலிங்கச் சன்னதிகளில் ஏற்று. மலைப்பாதைக்குத் தீப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். முடிந்தால் ஐப்பசி மழையில் இன்னொரு முறை வந்து மரம் நடுகிறவர்களோடு ஒரு நாள் நாற்று சுமந்துவிட்டுப் போ.

அன்புடன்,
உன் தோழி