ஸ்டிக்கரை உரித்தால் தெரியும் மரம்

ஞாயிற்றுக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால், பெட்டிக்கு ஒரு கிட் பையாவது கண்ணில் படும். ஜிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி, பழைய கிரிப், அதன் மேல் சுற்றிய டேப். வண்டி திருவொற்றியூரைத் தாண்டும்போது எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு வரும். 1946இல் இந்த ஊரில்தான் கே.எம். மாம்மென் மாப்பிள்ளை சிறு கொட்டகையில் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கினார். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி டயர் கம்பெனியாக வளர்ந்து, எம்.ஆர்.எஃப். என்ற அதன் மூன்று எழுத்து சச்சின் டெண்டுல்கரின் பேட்டில் ஏறியது. பிரையன் லாராவும் ஸ்டீவ் வாவும் அதே எழுத்தோடு ஆடினார்கள், பின்னால் விராட் கோலி வந்தார். என் தெருவில் அந்த மூன்று எழுத்தை ஸ்கெட்ச் பேனாவால் எழுதாத பேட் கிடையாது. பேட் வாங்கக் காசில்லாதவன் பனைமட்டையில் எழுதினான்.

டெண்டுல்கர் அடித்த பேட்டைச் செதுக்கியவர் யாரென்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இவ்வளவு வயதுக்குப் பிறகு அந்தக் கேள்வி வந்துதான் பொன்னேரியில் ஒரு பட்டறையைத் தேடிப் போனேன்.

அவர் பரம்பரைத் தச்சர். வாசக்கால், ஜன்னல், கட்டில் என்று செய்துகொண்டிருந்தவர். ரெடிமேட் கதவுகள் வந்து அந்த வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் பையன்கள் யாரோ உடைந்த பேட்டைக் கொண்டுவந்து கொடுக்க, சரி செய்து கொடுத்திருக்கிறார். அது வாய்வழியாகப் பரவி, இன்றைக்குப் பட்டறையின் ஒரு சுவர் முழுக்கப் பேட்டுகள் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் சீட்டு: பெயர், ஊர், என்ன கோளாறு. மீஞ்சூர், கவரைப்பேட்டை, பழவேற்காடு. வட மாநிலத் தொழிலாளிகளின் பேட்டில் பெயருக்குப் பதிலாகக் கம்பெனி கேட் நம்பர்.

நான் போனபோது அவர் கையில் இருந்தது ஒரு புது பேட். வாங்கிச் சில வாரங்கள்கூட ஆகவில்லையாம், அதற்குள் முதுகில் விரிசல். முதுகு முழுக்கப் பளபளவென்று ஸ்டிக்கர். ஒரு பெரிய கம்பெனியின் பெயரைப் போலியாக அச்சடித்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கையால் ஒரே இழுப்பாக உரித்தார். உள்ளே எட்டணாக் காசு அளவுக்கு ஒரு கணு. அதைக் குடைந்து எடுத்துவிட்டு, மரத்தூளும் பசையும் குழைத்த மக்கை அப்பி, மேலே நிறம் பூசியிருந்தார்கள். விரிசல் சரியாக அந்த மக்கின் விளிம்பிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

"பாத்தீங்களா சார், மரம் நல்லாத்தான் இருக்குது. இந்த எடத்துல மட்டும் கணு. இதை விறகுக்குப் போட்டிருக்கணும், இல்ல கணுவைத் தெரியவிட்டு வெலையைக் கொறைச்சு வித்திருக்கணும். இந்தப் பையன் பேரைப் பாத்து வாங்கிட்டான்."

அவர் குரலில் இருந்த வருத்தம் மரத்துக்காகவா பையனுக்காகவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது கைப்பிடி உடைந்த பேட். இந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கைப்பிடி வேறு, பலகை வேறு. கைப்பிடி பிரம்பு. பிரம்புத் துண்டுகளை ஒட்டி, நடுவே அதிர்ச்சி தாங்க ரப்பர் பட்டைகள் வைத்திருப்பார்கள். பலகையின் தோளில் 'வி' வடிவத்தில் ஒரு பள்ளம், அதில் கைப்பிடியின் கூர்முனை ஆப்பு மாதிரி இறங்கி உட்காரும். பந்தின் அடி முழுவதும் கைக்கு வந்து சேருவது அந்தப் பொருத்து வழியாகத்தான். அவர் பழைய பிரம்பை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்தார். பள்ளத்தின் சுவரில் ஒட்டியிருந்த காய்ந்த பசையைச் சுரண்டும்போது உளி மரத்தைத் தொடவே கூடாது. ஒரு சீவு அதிகமாகப் போனால் புதுக் கைப்பிடி ஆடும். புதுப் பிரம்பை அரத்தால் ராவி, இறக்கிப் பார்த்து, எடுத்து, திரும்ப ராவி, மறுபடி இறக்கினார். இடைவெளி தெரிகிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான் பார்த்தவரை எதுவுமே தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு தரம் ராவினார்.

வாசலில் ஒரு பையன் வந்து நின்றான்.

"ணா, சாயந்தரம் மேட்ச் இருக்குது. குடுத்துருவியா?"

"பசை காய வேணாமா? இன்னிக்கு எடுத்துட்டுப் போனேன்னா ரெண்டாவது ஓவர்லயே கைப்பிடி கையில இருக்கும், பலகை மிட்-ஆஃபுக்குப் போயிரும். நாளைக்கு வா."

பசை காய்ந்த பின்தான் நூல் சுற்றுவார். நூல் நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வர வேண்டும். புதுத் தோல்பந்து பேட்டாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. லின்சீட் எண்ணெயை மெல்லத் தடவி ஊறவைத்து, கொட்டாப்புளியால் முகத்திலும் விளிம்பிலும் மணிக்கணக்கில் தட்டுவது. வில்லோ மெத்தென்ற மரம். தட்டத் தட்ட மேல்நார்கள் நெருங்கிக் கெட்டிப்படும், அதன் பிறகுதான் 160 கிராம் பந்தைத் தாங்கும். இங்கே வரும் பேட்டுகளில் பெரும்பாலானவை டென்னிஸ் பந்துக்கானவை. அந்தப் பந்து 58 கிராம்தான், அதனால் அவற்றுக்கு இந்தத் தட்டல் தேவையில்லை. பின்பக்கம் குடைந்து எடை குறைத்தவை அவை.

அந்த மரம் வந்த வழி நீளமானது. காஷ்மீரில் அனந்த்நாக் மாவட்டத்துச் சங்கமும் பிஜ்பெஹாராவும் பேட் செய்யும் ஊர்கள். ஸ்ரீநகர் நெடுஞ்சாலை ஓரத்தில் பலகைகள் அடுக்கடுக்காக வெயிலில் காயும். 2021 டி20 உலகக் கோப்பையில் ஓமன் அணி வீரர்கள் காஷ்மீர் வில்லோவோடு இறங்கியபோது சங்கமே கொண்டாடியது. விலை உயர்ந்த பேட்டுக்கு இங்கிலாந்து வில்லோ இறக்குமதியாகி மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் போகிறது. அந்த இரண்டு ஊருக்கும் இந்தத் தொழில் வந்ததே பிரிவினையால்தான். சியால்கோட்டில் விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருந்த குடும்பங்கள் 1947இல் உயிரையும் கைவேலையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தன. உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் பலருக்கு அங்கேதான் பேட் தயாராகிறது. எந்தக் கம்பெனியோடு ஒப்பந்தமோ அந்தக் கம்பெனியின் ஸ்டிக்கர் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டிக்கருக்குத்தான் பணம். கோலிக்கும் எம்.ஆர்.எஃப்.புக்கும் 2017இல் நடந்த ஒப்பந்தம் எட்டு வருடத்துக்குச் சுமார் 100 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. ஆட்டக்காரர் வாங்குவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அவர்களும் ஏமாறுகிறவர்கள்தான்: தன் பெயரையும் படத்தையும் பயன்படுத்திவிட்டுப் பணம் தரவில்லை என்று ஆஸ்திரேலியாவின் ஸ்பார்ட்டன் விளையாட்டுச் சாமான் நிறுவனத்தின் மீது டெண்டுல்கரே 2019இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. அடுத்த வருடம் அவர்கள் மன்னிப்புக் கேட்ட பின்தான் சமரசம் ஆயிற்று. என் மனக்குறை வேறு. இத்தனை பெரிய தொகை புழங்கும் ஒரு பலகையில், செதுக்கியவரின் பெயருக்கு ஒரு விரற்கடை இடம் ஒதுக்கக்கூடாதா? வீணை செய்தவரின் பெயரை வித்வான்கள் மரியாதையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். பேட்டுக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் வரவில்லை?

தோனி அந்த மரியாதையைக் கொஞ்சம் காட்டியவர். 2019 உலகக் கோப்பையில் அவர் பேட்டில் ஸ்டிக்கர் மாறி மாறி வந்தது. ஆரம்ப காலத்தில் தனக்கு உதவிய கம்பெனிகளுக்கு நன்றியாகக் காசு வாங்காமல் ஒட்டிக்கொண்டார் என்று அவருடைய மேலாளர் சொன்னார். அதில் ஒன்று ஜலந்தரின் பிஏஎஸ். ராஞ்சியில் விளையாட்டுக் கடை வைத்திருந்த நண்பர் பரம்ஜித் சிங் அலைந்து திரிந்து தோனிக்கு வாங்கித் தந்த முதல் ஸ்பான்சர் அது. 2024இல் வலைப்பயிற்சிக்கு வந்தபோது அவர் பேட்டில் அந்த நண்பரின் கடைப் பெயரே இருந்தது. சேப்பாக்கத்தில் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற நம் பிள்ளைகள் இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சாயந்தரம், பட்டறை வாசலில் வந்து நின்ற பையனோடு மேட்சுக்குப் போனேன். அறுப்பு முடிந்த வயல், நடுவில் உருட்டிச் சமப்படுத்திய பிட்ச், நான்கு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. கடன் வாங்கிய பேட்டில் ஆடினான். ஸ்டீல் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவன், பந்து இடுப்புக்கு ஏறியபோதெல்லாம் கண்ணைச் சிமிட்டாமல் அடித்தான். இந்த அணிக்கும் ஸ்பான்சர் உண்டு. முதுகில் ஒரு ரியல் எஸ்டேட்காரர், மார்பில் தண்ணீர் கேன் கம்பெனி, கையில் ஒரு பிரியாணிக் கடை. ஜெர்சிக்கும் பந்துக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் அவர்கள்தான் தருகிறார்கள். பேட் உடைந்தால் அவரவர் செலவு.

மறுநாள் பேட்டை வாங்க அணியின் கேப்டனும் கூட வந்திருந்தான். கைப்பிடியை முறுக்கிப் பார்த்தான், தரையில் மெல்லத் தட்டிக் காதில் வாங்கினான். புது ஜெர்சி அடிக்கப் போவதாகவும் அதில் தச்சரின் பெயரையும் போட எல்லோருக்கும் விருப்பம் என்றும் சொன்னான். அவர் கூச்சப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பேசினார்.

"பேரை மட்டும் போட்டா எப்பிடிப்பா? போன் நம்பரையும் சேத்துப் போடு. கும்மிடிப்பூண்டி பக்கம் நெறைய பேரு பேட்டை ஒடைச்சி வச்சிக்கினு எங்க குடுக்கறதுன்னு தெரியாம இருக்கானுங்க."

கேப்டன் அங்கேயே நின்று அச்சுக்காரருக்குப் போன் போட்டான். கைப்பக்கம் இடம் போதாதாம். முதுகில், ரியல் எஸ்டேட்காரர் பெயருக்குக் கீழே இரண்டு வரியாகப் போடலாம் என்று முடிவாயிற்று.