கண்டிச்சீமைக்கு, தென்பெண்ணைக் கரையிலிருந்து

அன்புள்ள தீவே,

‘இலங்கைக்கு’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் உன்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆயாவுக்கு நீ கண்டிச்சீமை. “கண்டிச்சீமையில இருந்தப்ப...” என்று அவள் வாயெடுத்தால் அடுப்படியில் பாத்திரச் சத்தம்கூட நின்றுபோகும். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தார்களே, அந்த எண்ணிக்கைக்குள் அவளும் ஒருத்தி. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, ஒரு தகரப்பெட்டியோடு திருக்கோவிலூருக்கு வந்து சேர்ந்தாள். பிறந்ததிலிருந்து உன் மடியில் இருந்தவள். சிகிரியாவைப் பார்த்ததில்லை, பொலன்னறுவையைப் பார்த்ததில்லை, யாழ்ப்பாணம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் ஒரு தேயிலை மலை, தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயம், விடிகாலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம், கொழுந்துக் கூடை. அவள் பார்க்காததை எல்லாம் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போன மாசியில் உன்னிடம் வந்தேன். வந்த இடத்தில் பட்ட கடனைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தீவே, முதல் கடன் அந்தக் கைகளுக்கு. முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தால் ஆயா இரண்டு கையாலும் ஆய்வாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிக்கொண்டே போக, உள்ளங்கை நிறைந்ததும், முதுகில் இல்லாத கூடைக்குள் போடுகிற மாதிரி தோள் ஒரு தரம் லேசாகப் பின்னால் சாயும். பிறகு நினைவு வந்து முறத்தில் போடுவாள். சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நானுஓயா ரயிலிலிருந்து சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்தபோது, ஐம்பது தோள்களில் அதே சாய்வு. என்னோடு வந்தவர்கள் ஜன்னலில் கேமராவை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என்னால் முடியவில்லை. 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டதைச் சொல்கிற பலகைகள் உன்னிடம் நிறைய உண்டு. அதைப் பறித்த விரல்களுக்குப் பலகை குறைவு. நன்றிக் கடிதத்தில் குறை சொல்லலாமா என்றால், சொந்தத்திடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தீவே, பொலன்னறுவைக்கு வந்த கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உன் தொல்லியல் துறை அந்தக் கோயிலை ‘இரண்டாம் சிவ தேவாலயம்’ என்று எண் போட்டு வைத்திருக்கிறது. ஓட்டோக்காரர் சிங்களவர், தமிழில் ‘வாங்கோ’, ‘போவம்’, ‘தண்ணி’ மட்டும் தெரியும். “சின்னக் கோயில்தான்” என்று கையைக் குறுக்கிக் காட்டினார். சின்னதுதான். ஆனால் அடியிலிருந்து தலைவரை கல். அந்த நகரத்தில் நிற்கிற கட்டடங்களில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். உச்சி வெயில், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டே சுவர்ப் பக்கம் போனேன். சுவர் முழுக்கத் தமிழ். புள்ளி வைக்காத சோழர் எழுத்து. எனக்குப் பாதி எழுத்து பிடிபட்டது, பாதி பிடிபடவில்லை. ஓட்டோக்காரர் என் விரல் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசிக்கத் தெரியுமா என்று சைகையில் கேட்டார். தெரியும் என்று தலையாட்டினேன். அது அரைப் பொய்.

தீவே, அந்தக் கோயிலின் பெயர் வானவன் மாதேவி ஈசுவரம். இந்தப் பெயரைக் கேட்டுத் திருக்கோவிலூர்க்காரன் சும்மா நிற்க முடியாது. எங்கள் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் சுவரில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மலையமான் குலத்தில் பிறந்த வானவன் மாதேவி, கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு அவனோடு தீப்புகுந்ததை அது சொல்கிறது. அவள்தான் இராசராசனின் தாய். அவன் மகன் ராசேந்திரனைப் பெற்ற அரசிக்கும் வானவன் மாதேவி என்றுதான் பெயர். உன் கோயில் அரசியின் பெயரில் எழுந்தது என்பதே பெரும்பாலோர் எழுதுவது. அவர்கள் சொல்வதே சரியாக இருக்கட்டும். வெயிலில் கால் கொப்பளிக்க நின்ற அந்தப் பத்து நிமிஷம் மட்டும் அவள் எங்கள் ஊர்ப் பெண் என்றே வைத்துக்கொண்டேன். அதற்கு நீ மறுப்புச் சொல்லவில்லை.

தீவே, வெட்கத்தோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் பேரன் ராசேந்திரன் 1017-இல் உன் அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக் கடல் தாண்டிக் கொண்டுபோனான். மகிந்தன் சோழ நாட்டிலேயே பன்னிரண்டு ஆண்டு கிடந்து செத்தான். அதற்கு முன்பே உன் அனுராதபுரம் சூறையாடப்பட்டு, தலைநகர் பொலன்னறுவைக்கு மாறி, அதற்குச் சனநாதமங்கலம் என்று எங்கள் பெயரும் வைத்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் ‘வென்றான்’ என்ற ஒரே சொல்லில் படித்தவன் நான். 1070-இல் முதலாம் விசயபாகு சோழரைத் துரத்தியபோது நீ அந்தக் கோயிலையும் இடித்திருக்கலாம். கேட்பார் யார்? இடிக்கவில்லை. இன்றைக்கும் அதன் வாசலை யாரோ கூட்டுகிறார்கள்; விளக்குமாற்றுக் கோடு மண்ணில் புதிதாக இருந்தது.

தீவே, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இன்னொரு தமிழ்க் கல். வேளைக்காரப் படையினர் நட்டது. புத்தரின் பல் இருக்கும் கோயிலைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று தமிழ்ப் படைவீரர்கள் தமிழில் எழுதிக்கொடுத்த உறுதிமொழி. இதை எங்களுக்கு ஏன் யாரும் சொல்லித் தரவில்லை என்று அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று எனக்குக் கோபமே வந்தது. கல்விகாரையில் ஒரே பாறையில் நான்கு உருவம். படுத்திருக்கும் புத்தர் மட்டும் நாற்பத்தாறு அடி. அவருடைய தலையணையில் தலையின் பாரத்துக்கு ஒரு குழிவு விழுந்திருக்கிறது. கல்லில் பஞ்சைச் செதுக்கியவன் யாரோ! அவருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க முயன்ற ஒரு பையனைக் காவலாளி விசிலடித்துத் திருப்பினார். அந்த விசில் எனக்குப் பிடித்திருந்தது.

தீவே, சிகிரியாவைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. காசியப்பன், சிங்கப் பாதம், ஓவியப் பெண்கள், மூச்சு வாங்கும் படிகள். நான் கண்ணாடிச் சுவருக்கு மட்டும் நன்றி சொல்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உன்னைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், மேலே ஓவியத்தில் இருக்கும் பெண்களைப் பார்த்துவிட்டு, அந்தப் பளபளப்பான பூச்சில் கவிதை கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் 685 பாட்டைப் படித்து 1956-இல் தொல்லியலாளர் பரணவிதான புத்தகமாகப் போட்டார். எங்கள் ஆற்றுக்கு நடுவில் கபிலர் குன்று இருக்கிறது. பாரியின் பெண்களைக் கரைசேர்த்துவிட்டுச் சங்கப் புலவன் உயிரை விட்ட பாறை என்று கீழையூர்க் கல்வெட்டே சொல்கிற இடம். அங்கே கீறி வைத்திருப்பதெல்லாம் அம்புக்குறியும் இதயமும் இரண்டு பெயரும்தான். உன் காவலாளிகள் யாரையும் சுவரைத் தொட விடுவதில்லை. நல்லது. ஆனாலும் ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் குன்றின் கிறுக்கல்களை ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து வாசித்தேன். உன் சுவரைப் பார்க்காதிருந்தால் வாசித்திருக்க மாட்டேன். அவ்வளவும் மோசமில்லை.

தீவே, கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல் வைத்திருக்கிறாய். சீனத் தளபதி செங் ஹே 1409 என்ற ஆண்டோடு கொண்டுவந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தெவிநுவரைப் பெருமாளுக்குக் காணிக்கை. 1911-இல் அதைக் காலியில் கண்டெடுத்தபோது அது வாய்க்கால் மேல் மூடியாகக் கிடந்ததாம். உலகளந்த பெருமாள் ஊரில் பிறந்தவனுக்கு, மூவர் ஒரே இடைகழியில் நெருக்கிக்கொண்டு நிற்பது புதுசில்லை; முதலாழ்வார்கள் மூவரும் மழைக்கு ஒதுங்கி, இடம் போதாமல் நின்ற ஊர் எங்களுடையது. உன் கல்லைப் பார்த்ததும் அந்த இடைகழிதான் ஞாபகம் வந்தது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்பார்கள் எங்களூரில்.

தீவே, பொலன்னறுவையில் மண்ணுக்கடியில் கிடைத்த செப்புத் திருமேனிகளில் சுந்தரரும் உண்டு. அவர் பிறந்த திருநாவலூர் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம்தான். எங்களூர்ப் பிள்ளை மன்னார்ப் பக்கம் திருக்கேதீசுவரத்தைப் பாடினார். அரகண்டநல்லூரைப் பாடிய சம்பந்தர் உன் திருக்கோணமலையையும் பாடினார். 1624-இல் போர்த்துகீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசுவரம் மறுபடி எழுந்து அதே பாறை நுனியில் நிற்கிறது. உள்ளே போகிற வழியில் மான்கள் குறுக்கே வந்தன. ஒன்று என் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. அர்ச்சகர், “பரவாயில்லை, சாமிக்குப் போய்ச் சேர்ந்தாச்சு” என்றார்.

தீவே, எல்லாவற்றிலும் பெரிய கடன் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. நூலகத்துக்கு முன்னால் சரஸ்வதி வெள்ளையாக உட்கார்ந்திருந்தாள். 1981 மே கடைசி நாள் இரவில் அங்கே எரிந்தது ஏறக்குறைய 97,000 நூல். மறுபடி எழுப்பிய கட்டடம் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையை அங்கேதான் நினைத்தேன். 1887-இல் கலித்தொகையை முதன்முதலில் அச்சில் ஏற்றியவர். அதிலிருக்கும் குறிஞ்சிக்கலி 29 பாட்டும் கபிலர் பெயரில் வருவது. எங்கள் ஆற்றுக்குள் செத்துப்போன புலவனின் பாட்டை, கரையான் தின்ற ஏட்டிலிருந்து பிரித்துக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தவர் உன் பிள்ளை. இதை நாங்கள் எப்படித் திருப்பிக் கொடுப்பது? வெளியே வந்து, எதிர்ப்பட்ட கடையில் பிளேன்ரீ கேட்டேன். “எங்கேயிருந்து, தம்பி?” என்றார் கடைக்கார அம்மா. சொன்னேன். “திருக்கோவிலூரோ? மெய்ப்பொருள் நாயனார்ட ஊரெல்லே!” என்றார். சிங்கப்பூரிலும் சென்னையிலும் எங்கள் ஊர் எங்கே என்று விழுப்புரத்தை வைத்து விளக்கியே அலுத்தவன் நான். பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு அந்தத் தேநீரை மெல்லக் குடித்தேன். காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

தீவே, கண்டிக்கு ஒரு நாள்தான் கொடுக்க முடிந்தது. தலதா மாளிகை வரிசையில் தாமரை மொட்டோடு நின்றபோது உன் கடைசி அரசன் விக்கிரம ராசசிங்கனை நினைத்துக்கொண்டேன். 1815-இல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் அடைபட்டு, 1832-இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி. எங்கள் ஸ்டேஷனில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் வேலூர். திரும்பியதும் போய் ஒரு முழம் பூ வைத்துவிட்டு வந்தேன். மகிந்தனுக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவனுக்கும் சேர்த்து அங்கேயே வைத்தேன்.

தீவே, ஆயா இருந்த தோட்டத்தையும் தேடிப் போனேன். லயத்தின் தகரக் கூரை மாறவில்லை. அவள் சொன்ன பலாமரம் இல்லை; எந்தப் புயலில் போனதோ. புயல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் உன்னை நனைத்துவிட்டுத்தான் அந்த ஃபெஞ்சல் புயல் எங்களிடம் வந்தது. சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை பொங்கி, கரையோரத் தெருவெல்லாம் தண்ணீர். வடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சுற்றிலும் செங்காவி நீர், நடுவில் கபிலர் குன்று. எங்களுக்கும் இப்படி ஒரு சின்னத் தீவு உண்டு என்று உனக்குச் சொல்லத் தோன்றியது.

ஆகவே உன் ஆட்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் விழுப்புரம்–காட்பாடி ரயிலில் ஏறச் சொல். திருக்கோவிலூர் ஸ்டேஷன் என்று இறங்கினால் அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரகண்டநல்லூரில் இருக்கும்; பயப்பட வேண்டாம். பாலத்தைத் தாண்டினால் ஊர். மாசியில் வந்தால் ஆறு மணலாகத்தான் கிடக்கும், குன்றுக்கு நடந்தே போகலாம். முதலில் கீழையூர்ச் சுவருக்குக் கூட்டிப்போகிறேன். இப்போது எனக்கு முக்கால்வாசி எழுத்து தெரியும். வெயில் நேரமாக இருந்தால் சாக்கு நனைத்துப் போட்டு வைக்கிறேன், கால் சுடாது.

இப்படிக்கு,
கண்டிச்சீமைக்காரி பேரன்,
திருக்கோவிலூர்