அப்பாவின் செவிகள்

தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு நாங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் குடிவந்தோம். ரப்பர் ஆலையின் இயந்திரக் கூடத்தில் உழைத்த ஆண்டுகள் அப்பாவின் செவித்திறனில் பாதியைக் கொண்டு போயிருந்தன. ஆயினும், கார் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளி விடுமுறையில் நான் அவருக்குத் துணையாகச் செல்வேன்.

ஒரு நாள், 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. இயந்திரத்தை முடுக்கினால் போதும், மத்திய அலையில் வரும் தமிழ்ப்பாட்டு இரைச்சலில் மூழ்கிவிடும்.

“ஒலியைக் கூட்டி வைக்கலாமே, அப்பா?”

“கூட்டினா இரைச்சலும் சேர்ந்து கூடும். அது பிறக்கிற இடத்திலேயே அடக்கணும்,” என்றார்.

1887இல் ஹெர்ட்ஸ் என்ற அறிஞர் மின்பொறியைக் கொண்டே வானொலி அலைகளை உண்டாக்கினார். காரின் ஸ்பார்க் பிளக்கும் அப்படியொரு குட்டி ஒலிபரப்பு நிலையம்தான். அப்பா பிளக்குகளுக்கு மின்தடை கொண்ட மூடிகளை மாட்டினார். இக்னிஷன் காயிலில் மின்தேக்கி ஒன்றை இணைத்தார். ‘டிக் டிக்’ ஒலி அடங்கியது.

“இன்னும் கேட்குதாய்யா?”

வேகத்தைக் கூட்டியபோது மெல்லிய கீச்சொலி கேட்டது. திடலில் நண்பர்கள் காத்திருந்தனர்.

“இல்லப்பா,” என்றேன்.

அப்பா மறுகேள்வி கேட்கவில்லை. கருவிகளைத் துடைக்கத் தொடங்கினார். அந்த நம்பிக்கைதான் என்னைச் சுட்டது.

“அப்பா… வேகம் கூடுறப்போ கீச்சுனு கேட்குது.”

அவர் கோபிக்கவில்லை. “டைனமோவா இருக்கும். அதோட பிரஷ்ஷிலயும் பொறி பறக்கும்,” என்று அங்கும் ஒரு மின்தேக்கியைப் பொருத்தினார். ஏரியலின் அடியில் படிந்திருந்த துருவையும் சுரண்டினார்.

பாட்டு தெளிவாக ஒலித்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தே அதைக் கேட்டார்.