மொலோக்காய் சென்ற கதாசிரியர்

பள்ளிப் பருவத்தில் ‘புதையல் தீவு’ கதையைச் சுருக்க வடிவிலேனும் படித்தவர் நம்முள் பலர். ஊன்றுகோலில் தாவி நடக்கும் ஒற்றைக்கால் சில்வரும், ஆப்பிள் பீப்பாய்க்குள் பதுங்கி அவனது சதியைக் கேட்கும் சிறுவன் ஜிம்மும் நம் நினைவை விட்டு அகலார். அக்கதையை இயற்றிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தொழுநோயாளர் நடுவே எட்டுப் பகலும் ஏழு இரவும் தங்கியவர். கத்தோலிக்கக் குரு ஒருவரின் நற்பெயரைக் காக்கத் தம் உடைமைகளையே பணயம் வைத்தவர். இவ்வரலாற்றை நம் இல்லங்கள் அறிதல் நன்று.

ஸ்டீவன்சன் 1850-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், கலங்கரை விளக்கம் எழுப்பும் பொறியியலார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பிரெஸ்பிட்டேரியன் சபையில் வளர்ந்தவர். இளமை முதலே நெஞ்சுநோய் வாட்டியதால், உடலுக்கேற்ற காற்றைத் தேடி நாடு நாடாக அலைந்தார். அலைந்த இடங்கள் அவர் ஏட்டில் கதைகளாக விளைந்தன. தந்தையின் பணி நடந்த எரெய்ட் என்னும் சிறு தீவில் இளமையில் தங்கினார். 1886-இல் வெளிவந்த ‘கடத்தப்பட்டவன்’ நாவலின் நாயகன் கப்பலுடைந்து கரையொதுங்குவது அத்தீவிலேதான். 1878-இல் கழுதையின் மேல் மூட்டையேற்றி, பிரான்சின் செவேன் மலைகளைக் கால்நடையாகக் கடந்தபோது, பனிமய மாதாவின் பெயர் தாங்கிய துறவியர் மடத்தில் விருந்தினராயிருந்தார்.

1888-இல் குடும்பத்தோடு பசிபிக் கடலில் பயணம் புறப்பட்ட அவர், மறு ஆண்டு ஹவாய்த் தீவுகளை அடைந்தார். 1889 மே மாதத்தில் மொலோக்காய்த் தீவின் கலவுபாப்பாவுக்குப் படகேறினார். அவ்விடத்தை மனக்கண்ணால் சற்றே காண்போம். மூன்று புறமும் அலை மோதும் கடல். நான்காம் புறம் சுவரென எழுந்து நிற்கும் செங்குத்துப் பாறை. இயற்கையே சிறை கட்டியது போன்ற நிலமுனை. 1866 முதல் ஹவாய் அரசு தொழுநோயாளரைப் பெற்றோரிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் பிரித்து இங்கே இறக்கிவிட்டது. அச்சட்டம் நீங்கிய 1969 வரை ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் இவ்வாறு அனுப்பப்பட்டனர்.

ஸ்டீவன்சன் சென்ற படகில், அங்கே பணி ஏற்க வந்த கன்னியர் இருவர் இருந்தனர். கரை நெருங்குகையில் அவர்களுள் ஒருவர் ஓசையின்றி அழுதார். அதைக் கண்டு தாமும் அழுததாக ஸ்டீவன்சன் மறைக்காமல் எழுதியுள்ளார். கரையேறிய பின், அன்னை மரியான் கோப் பேணிவந்த சிறுமியர் இல்லத்திற்குச் சென்று, நோயுற்ற அச்சிறுமியரோடு பந்தாடினார். பின்னர் அவர்களுக்கென ஒரு பியானோவையும் அனுப்பி வைத்தார்.

அங்கே பதினாறு ஆண்டுகள் உழைத்து, அதே நோய்க்கு இரையான தமியான் அடிகளார், அவர் வருகைக்குச் சில வாரங்களுக்கு முன், 1889 ஏப்ரல் 15-இல், தம் 49-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்திருந்தார். அடிகளாரை ஸ்டீவன்சன் கண்டதில்லை. ஆயினும் அவரை அறிந்தோரைத் தேடித் தேடி விசாரித்தார். குறிப்பாக, அடிகளாரோடு மாறுபட்டிருந்த பிரிந்த சபைச் சகோதரரிடமே அதிகம் கேட்டார்.

இதன் பயன் விரைவில் விளங்கிற்று. ஹொனலூலுவில் வாழ்ந்த ஹைட் என்னும் போதகர், தமியான் அழுக்கானவர், முரடர், தூய்மையற்றவர் என நண்பருக்கு எழுதிய மடல் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. சிட்னி நகரில் அதைக் கண்ட ஸ்டீவன்சன் கொதித்தெழுந்து, 1890 பிப்ரவரி 25-ஆம் நாளிட்டுப் பகிரங்க மடல் ஒன்றை வரைந்தார். ஹைட் அவருக்கு முன்பு உபசாரம் செய்தவர். மானநட்ட வழக்குத் தொடரப்பட்டால் குடும்பமே வறுமையுறக்கூடும். வீட்டாரைக் கலந்தார், அவர்களும் இசைந்தனர்.

அம்மடலின் நேர்மையை நாம் கருத வேண்டும். தமியானிடம் கரடுமுரடும் பிடிவாதமும் இருந்ததை அவர் ஒளிக்கவில்லை. குறைகளை ஒப்புக்கொண்டே, பிறர் வசதியான மாளிகையில் அமர்ந்திருக்கையில் இவ்வேழைக் குருவோ அழுகும் புண்களினிடையே வாழ்ந்து மடிந்தார் என்று நிலைநாட்டினார். தமியான் புனிதரெனப் பெயர் பெறும் நாள் ஒன்றையும் முன்னுரைத்தார். 119 ஆண்டுகள் கழித்து, 2009 அக்டோபர் 11-இல், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அதனை நிறைவேற்றினார். அன்னை மரியானும் 2012-இல் புனிதரானார்.

மொலோக்காய் அவரது கற்பனையிலும் புகுந்தது. 1891-இல் வெளிவந்த ‘புட்டிப் பூதம்’ கதையில், மணநாளை எதிர்நோக்கும் ஹவாய் இளைஞன் கேயாவே, தன் உடலில் தொழுநோயின் தழும்பைக் கண்டு திடுக்கிடுகிறான். நோய் தீர, ஆன்மாவையே இழக்க நேரும் மாயப் புட்டியை வாங்குகிறான். செய்தியறிந்த மனைவி கோக்குவா, அவனறியாமல் அச்சாபத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறாள். பிறர் துன்பத்தைத் தன்மேல் சுமக்கும் அன்பின் கதை அது. தமியானின் கல்லறை கண்டு வந்தவர் இவ்வாறு எழுதியதில் வியப்பென்ன?

நாசரேத்தூரைக் குறித்து ஐயுற்ற நத்தானியேலிடம் பிலிப்பு வாதாடவில்லை. வந்து காணவே அழைத்தார். நம் பங்குகளிலும் ஒரு குடும்பத்தைப் பற்றி, ஒரு நோயாளியைப் பற்றி, சில வேளை ஒரு குருவைப் பற்றிக் காற்றுவாக்கில் பேச்சு வரும். அதனை அடுத்த வீட்டுக்குக் கொண்டுசெல்லுமுன் அவர்தம் வாசலை மிதித்தோமா, அவரோடு ஒருவேளை உட்கார்ந்தோமா என நம்மையே கேட்டுக்கொள்வோம். கோடை விடுமுறையில் ‘புதையல் தீவு’ படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, அதை எழுதியவர் சென்ற இந்த இன்னொரு தீவையும் எடுத்துரைப்போமாக.