பீப்பாய்க்குள் ஒரு கோல்

1613-இல் இரண்டாம் திருமணம் செய்துகொண்ட யோஹான்னஸ் கெப்ளர், லின்ஸ் நகரில் தன் வீட்டுக்குத் திராட்சை மது வாங்கினார். வியாபாரி பீப்பாயின் நடுத்துளை வழியே ஒரு கோலைச் சாய்வாக விட்டார். அது மூடியின் அடிவிளிம்பில் முட்டியதும் உள்ளே போன நீளத்தைப் பார்த்து விலை சொல்லிவிட்டார். செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று காண ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்கு இது பொறுக்கவில்லை. ஒல்லியான நெட்டைப் பீப்பாயும் கோலில் அதே நீளத்தைக் காட்டக்கூடும். அதில் பாதி மதுகூட இல்லாமல் போகலாம். கணக்கில் இறங்கினார், 1615-இல் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவு பற்றி ஒரு நூலே வந்துவிட்டது. நுண்கணிதத்தின் கதையை நியூட்டன், லைப்னிட்ஸ் சண்டையிலிருந்து தொடங்குவது வழக்கம். எனக்கு இந்தக் கோலிலிருந்து தொடங்கத்தான் பிடிக்கிறது.

பீப்பாயை நேரான உருளை என்றே வைத்துக்கொள்வோம். கோல் காட்டும் அளவு மாறாதிருந்தால், நீளம் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 1.414 மடங்கு உள்ள உருளைதான் அதிகம் கொள்ளும். ஆஸ்திரியத் தச்சர்களோ பலகை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை மூடிக்கு ஆரமாக வைத்தார்கள்; அப்படியானால் 1.5 மடங்கு. பிழைதான், ஆனால் அதனால் குறையும் கொள்ளளவு கால் சதவீதத்தை எட்டவில்லை. நீளத்தை விட்டத்தின் இரண்டு மடங்காக்கினால்தான் எட்டு சதவீதம் போகும். உச்சியை ஒட்டிக் கொள்ளளவின் வளைவு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடப்பதால், அங்கே சிறிது நகர்ந்தாலும் பெரிய இழப்பில்லை என்று கெப்ளர் கண்டுகொண்டார். நுண்கணிதம் நமக்குத் துல்லியம் தந்தது என்பார்கள். எங்கே துல்லியம் வேண்டியதில்லை என்று காட்டியதைத்தான் நான் பெரிய கொடையாக நினைக்கிறேன்.

கெப்ளரிடம் நுண்கணிதமே இல்லையே, அட்டவணை போட்டுத்தானே ஒப்பிட்டார் என்று கேட்கலாம். மெய்தான். ஆனால் உச்சியில் வகைக்கெழு, அதாவது வளைவின் சரிவு, பூஜ்யம் என்று பின்னால் எழுதப்பட்டதன் பொருளை அவர் எண்களிலேயே பார்த்துவிட்டார். நுண்கணிதம் பற்றி லைப்னிட்ஸ் 1684-இல் வெளியிட்ட முதல் கட்டுரையின் தலைப்பும் பெருமம், சிறுமம் காணும் புதிய முறை என்றே தொடங்குகிறது. தச்சர்கள் கணிதம் இல்லாமலே சரியாகச் செய்தார்களே என்பது இன்னும் வலுவான கேள்வி. அவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பீப்பாய் தெரியும். வேறு வடிவப் பீப்பாயில் அதே கோலை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்த வழக்கம் சொல்லித் தராது. விண்கலம் செலுத்துவோர் இம்மியளவு பிழையையும் பொறுப்பதில்லையே என்றால், அவர்கள் நிற்பது சரிவில். அங்கே ஒவ்வொரு பிழையும் தன் அளவுக்கேற்ப விலை கேட்கும். சரிவு எது, உச்சி எது என்று பிரித்துக் காட்டுவதும் அதே வகைக்கெழுதான். இன்று பேச்சை எழுத்தாக்கும் கைப்பேசி மென்பொருளைப் பயிற்றுவிக்கும்போது பிழையின் சரிவைக் கணக்கிட்டுக் கணக்கிட்டுத்தான் கீழே இறங்குகிறார்கள். பள்ளத்தின் அடியை நெருங்கியதும் சரிவு மெலிகிறது, எடுத்துவைக்கும் அடிகளும் சிறுக்கின்றன. மிகச் சரியான அந்தப் புள்ளிவரை யாரும் போவதில்லை, பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.