நஞ்சோடையைத் திறக்கும் நேரம்

முத்துக்குளித்தலால் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையில் இன்று பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது உப்பு. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் தமிழ்நாடு இருப்பதற்கும், தமிழ்நாட்டுக்குள் தூத்துக்குடி மாவட்டம் முதலிடம் பெறுவதற்கும் நீண்ட வறண்ட பருவமும் ஓயாத காற்றும் உவர்நிலமும் காரணமாகின்றன. வெயிலையும் காற்றையும் கொண்டே விளைவதால் இத்தொழில் சூழலுக்கு இசைந்தது என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆயினும் அதன் லாபத்தில் ஒரு பகுதி நிலத்தடி நீரிலிருந்தும் தொழிலாளியின் உடலிலிருந்தும் எடுக்கப்படுவது அளத்தின் வரப்பில் நின்று பார்க்கும்போது புலனாகிறது.

அளம் என்பது உவர்ப்பு படிப்படியாக ஏறும்படி வகுக்கப்பட்ட நிலவரிசை. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி போமே அடர்த்தி கொண்டது. போமே என்பது நீரில் கரைந்துள்ள உப்பின் அடர்த்தியைக் காட்டும் அளவு, அளத்தில் அதை வெறுமனே 'டிகிரி' என்பர். தூத்துக்குடி அளங்கள் பலவும் கடல்நீரைவிட உவர்ப்பு மிகுந்த நிலத்தடி நீரை இறைத்து, தெப்பம் எனப்படும் தேக்கப் பரப்புகளில் விட்டுச் சுண்டவைக்கின்றன. சுண்டச் சுண்டச் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில் படிந்துவிட, ஏறத்தாழ 25 டிகிரியை எட்டிய தெளிநீர் பாத்திகளுக்குப் பாய்ச்சப்படுகிறது. அங்கே உப்பு மணி பிடிக்கிறது.

பாத்தியின் தரையும் மனிதக் காலால் ஆனதே. பருவத் தொடக்கத்தில் சேற்றை மிதித்து மிதித்து இறுக்கிச் சமன்செய்யும் இவ்வேலையைச் செய்நேர்த்தி என்பர். மிதி சரியில்லாத பாத்தியில் வாரும் உப்போடு மண்ணும் வந்துவிடும். வெயிலுக்கும் உப்பின் கண்கூசும் வெண்மைக்கும் அஞ்சி விடியுமுன்பே வேலை தொடங்குகிறது. நீண்ட கழியில் பொருத்திய வாருபலகையை நீருக்குள் சாய்த்து, தரையைக் கீறாமல் மணிகளை மட்டும் வரப்போரம் இழுத்துச் சேர்ப்பதற்கு வலிமையோடு நிதானமும் வேண்டும். வாரிய உப்பைப் பெண்கள் தலைச்சுமையாக எடுத்துச் சென்று அம்பாரமாகக் குவிக்கின்றனர். பாதத்தின் வெடிப்பிலும் சிராய்ப்பிலும் உவர்நீர் இறங்குவதால் ஏற்படும் எரிச்சல் இவ்வேலையின் அன்றாடப் பகுதி.

இத்தொழிலின் மிக நுண்ணிய முடிவு இதன் பிறகே வருகிறது. பாத்தியில் எஞ்சிய நீர் 29, 30 டிகிரியைத் தாண்டினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியத் தொடங்கும்; அவ்வுப்பு கைக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். அந்நீரில் சாப்பாட்டு உப்பு இன்னும் மிச்சம் இருந்தபோதிலும், நல்ல அளத்துக்காரர் அதை விட்டுக்கொடுத்து நஞ்சோடை எனப்படும் கழிவு ஓடைக்குத் திறந்துவிடுகிறார். மேலும் கொஞ்சம் கிடைக்கும் என்று காத்திருப்பவர் எடையைக் கூட்டித் தரத்தை இழக்கிறார். லாபத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதைத் தொழிலின் வேதியியலே இங்குக் கற்பிக்கிறது. கழிவெனத் தள்ளப்படும் அந்நீரும் மக்னீசியம், புரோமின் சார்ந்த தொழில்களுக்கு மூலப்பொருளாகும். அதைக் கண்ட இடத்தில் ஓடவிடாமல் திரட்டுவது மண்ணையும் காக்கும், வருவாயும் தரும்.

இதே எல்லை உணர்வு நீருக்கும் உழைப்புக்கும் நீள வேண்டும். நிலத்தடி உவர்நீரை அளவின்றி இறைத்தால் உவர்ப்பு அக்கம்பக்கத்து நன்னீர்க் கிணறுகளுக்கும் பரவக்கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளம் ஓய்ந்துவிடுவதால், நாட்கூலியை நம்பிய குடும்பங்கள் மாதக்கணக்கில் வருமானமின்றி இருக்க நேர்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் பதிவுசெய்த உப்பளத் தொழிலாளரின் துயரம், பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் பழங்கதையாகிவிடவில்லை.

உற்பத்தியில்லா மழைக்காலத்துக்கென அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 5,000 ரூபாய் நிவாரணம் வரவேற்கத்தக்கது. ஆனால் அது உதவியே அன்றி ஊதியமாகாது. 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது; சில ஏக்கர் அளம் வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளர் அவ்வரம்புக்குள் வருவதில்லை. அவரிடம் மலிவாக வாங்கிச் சுத்திகரித்து, அயோடின் சேர்த்து, பையிலிட்டு விற்பவரே விலையில் பெரும்பங்கைப் பெறும்போது, பொறுப்பிலும் பெரும்பங்கு அவரைச் சேர்வதே முறை.

காலுறையும் கண்ணாடியும் குடிநீரும் நிழற்கூடமும் மழைக்காலக் கூலியும் லாபம் கண்டபின் எஞ்சியதில் செய்யும் தருமமாகக் கருதப்படும் வரை சமநிலை பிறக்காது. இறைக்கும் செலவையும் வண்டி வாடகையையும் போல அவையும் ஒரு டன் உப்பின் அடக்கவிலையில் ஏறவேண்டும். கைப்பு ஏறுமுன் பாத்தியைத் திறந்துவிடத் தெரிந்த தொழிலுக்கு இது புதிய பாடமன்று. நீரில் பார்க்கும் டிகிரியை மனிதரிடமும் பார்ப்பதே மிச்சமிருக்கும் வேலை.